ரயில் பாதையைக் காட்டி ராஜ்ஜியத்தை நியாயப்படுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஆப்பிரிக்காவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஐரோப்பியர்கள் போனதால்தான் அங்கே ரயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, அடிமை வியாபாரம் ஒழிந்தது. அவர்கள் கிளம்பியதும் எல்லாம் பாழாய்ப் போனது. கொடுமை நடந்தது உண்மைதான், ஆனால் அந்தக் காலத்து ஆட்களை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கக் கூடாது. சுருக்கமாக இவ்வளவுதான் கட்டுரை. இதையெல்லாம் யூடியூபில் தினமும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதனால் பெரிதாக எரிச்சல் வரவில்லை. கடைசியில், சந்தேகம் இருந்தால் புதுச்சேரிக்காரர்களைக் கேளுங்கள், பிரெஞ்சுக்காரன் அருமை அவர்களுக்குத் தெரியும் என்று ஒரு வரி போட்டிருக்கிறாரே, அதற்குத்தான் இந்தக் கடிதம். கேளுங்கள் என்று எழுதிவிட்டார், சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். இடமில்லை என்றால் முன்பாதியை வெட்டுங்கள், பின்பாதியை விட்டுவிடுங்கள்.

முதலில், புதுச்சேரிக்காரர் என்றால் யார்? எங்கள் குடும்பத்திலேயே இரண்டு வகை உண்டு. அம்மா வழியில் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர் வீடு, பிரெஞ்சு பென்ஷன் வந்துகொண்டிருந்த வீடு. பெரிய தாத்தா பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு பீச் ரோடு போர் நினைவுச் சின்னத்துக்குப் போவாராம். அப்பா வழியில் மில் தொழிலாளி வீடு, அங்கே ஜூலை 14 பற்றிப் பேச்சே கிடையாது, ஜூலை 30 தான். 1936-இல் அந்த நாளில்தான் சவானா மில் தொழிலாளர்களைச் சுட்டார்கள், 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. அடுத்த ஆண்டு சட்டம் வந்தது, அதையும் பிரெஞ்சுக்காரர் தந்த கொடை என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! ஆகவே புதுச்சேரிக்காரரைக் கேளுங்கள் என்று எழுதுகிறவர், எந்த வீட்டுக் கதவைத் தட்டச் சொல்கிறார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சரி, சொல்தா வீட்டுக் கதவையே தட்டுங்கள். அந்த பென்ஷனுக்குள்ளேயே ஆப்பிரிக்கா இருக்கிறது. பெரிய தாத்தா இருந்த அதே பிரெஞ்சுப் படையில் செனகல், கினி, மாலி, மொராக்கோ, அல்ஜீரியாவைச் சேர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், இரண்டு உலகப் போரிலும் பிரான்சுக்காகச் செத்தார்கள். ஜெர்மானியரிடம் கைதிகளாக இருந்துவிட்டுத் திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் செனகலின் டக்கார் பக்கத்தில் தியாரோய் முகாமில் தங்கள் சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 அன்று பிரெஞ்சுப் படையே அவர்களைச் சுட்டது. அப்போதைய அதிகாரக் கணக்கு 35 பேர், அது மிகக் குறைத்துச் சொன்ன கணக்கு என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடுகிறார்கள். அதைப் படுகொலை என்று பிரெஞ்சு அதிபர் எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் ஆயிற்று.

அப்புறம் 1959-இல் ஒரு சட்டம் போட்டு, விடுதலை அடைந்த காலனி நாடுகளின் பழைய சிப்பாய்களுக்கு பென்ஷனை அப்படியே உறைய வைத்தார்கள். விலைவாசி ஏறும், பிரெஞ்சுக் குடிமகனின் பென்ஷனும் கூடவே ஏறும், மாலி நாட்டு பமாக்கோவில் இருக்கும் கிழவருக்கு மட்டும் பழைய தொகைதான். 1962-இல் இங்கே பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் பேருக்கு அந்தச் சிக்கல் வரவில்லை, கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்ததால். ஒரே சண்டை, ஒரே சீருடை. 2006-இல்தான் அதைச் சரிசெய்யப் போவதாக அறிவித்தார்கள், முழுசாகச் சரியாக 2011 ஆயிற்று, அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நம்ம ஊர் சொல்தா வீட்டு மாடியைப் பார்த்து ஆப்பிரிக்காவையும் அளப்பது இதனால்தான் சரிப்படாது.

இனி கட்டுரையாளரின் நியாயங்களுக்கு வருகிறேன்.

அடிமை வியாபாரத்தை ஒழித்தார்கள் என்பதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படை 1808-லிருந்து சுமார் அறுபது ஆண்டுகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ரோந்து போய் ஏறத்தாழ 1,600 கப்பல்களைப் பிடித்து ஒன்றரை லட்சம் பேரை விடுவித்தது. ஆட்களைப் பிடித்து விற்றதில் தகோமே போன்ற ஆப்பிரிக்க அரசுகளுக்கும், கிழக்குக் கரையில் அரபு வியாபாரிகளுக்கும் பங்கு இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய நூற்றாண்டில் அந்த வியாபாரத்தில் முன்னால் நின்றதும் பிரிட்டன்தானே. 1833-இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுன் நட்ட ஈடு கொடுத்தார்கள். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? எஜமானர்களுக்கு. அந்தக் கடனின் கடைசிப் பாக்கியை பிரிட்டிஷ் அரசு அடைத்தது 2015-இல்.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு, பெருமையான பங்கு இல்லை. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து ஆட்களை அடிமைகளாக மொரீசியசுக்கும் ரீயூனியனுக்கும் கப்பலேற்றியிருக்கிறார்கள், ஆள்பிடிக்கும் கூட்டம் ஒன்று அகப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1848-இல் பிரான்ஸ் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது. ரீயூனியன் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டாமா? புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். இன்றைக்கும் ரீயூனியனில் நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் தீ மிதிக்கிறார்கள், அநேகருக்குத் தமிழ் பேச வராது. ஆப்பிரிக்கக் காலனிகளில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கே கட்டாய வேலை தொடர்ந்தது. அதைத் தடை செய்யும் சட்டம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1946-இல், அதுவும் கோட் திவார் (ஐவரி கோஸ்ட்) உறுப்பினர் ஊஃபுவே புவாஞி என்ற ஆப்பிரிக்கர் கொண்டுவந்த சட்டம். 1848-க்கும் 1946-க்கும் நடுவில் 98 வருஷம்.

அடிமை ஒழிப்பு என்ற பேச்சை எல்லாரையும்விடத் திறமையாகப் பயன்படுத்தியவர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட். 1884-85 பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்காவைப் பங்கு போட உட்கார்ந்தார்கள், ஆப்பிரிக்கர் ஒருவரையும் கூப்பிடவில்லை. பூர்வகுடிகளின் நலனைக் காப்போம், அடிமை முறையை ஒழிக்கத் துணை நிற்போம் என்று ஒப்பந்தத்தில் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு பெல்ஜியத்தைவிட எழுபது மடங்குக்கு மேல் பெரிய காங்கோ அந்த ஒரு மனிதரின் சொந்தச் சொத்தாக ஆனது, அவர் அந்த மண்ணில் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. 1889-இல் அடிமை ஒழிப்புக்கென்றே பிரஸ்ஸல்சில் ஒரு மாநாட்டையும் தன் தலைநகரில் கூட்டிக்கொண்டார். அதே சமயத்தில் காங்கோவில் ரப்பர் கொண்டு வராத ஊர்களுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் போனார்கள், பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். செலவான தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட மனிதக் கைகளை வெட்டிக் கூடையில் கொண்டுவந்து கொடுத்த ஆட்சி அது.

இதை வெளியே கொண்டுவந்தவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. எட்மண்ட் மோரல் என்று ஒருவர், லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. காங்கோவிலிருந்து வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும் நிறைந்து வருகிறது, திரும்பிப் போகும்போது துப்பாக்கியும் தோட்டாவும்தான் போகிறது, விற்பனைக்குச் சரக்கு என்று சொல்லும்படி ஒன்றும் போகவில்லை. அப்படியென்றால் அந்த ரப்பருக்கு யாரும் விலை கொடுக்கவில்லை, அது வியாபாரமே இல்லை என்று சரக்குப் பட்டியலைப் பார்த்தே கண்டுபிடித்தார். வேலையை விட்டுவிட்டு அதையே எழுதிக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் உள்நாட்டுக்குள் போய் விசாரித்துக் கொடுத்த அறிக்கை 1904-இல் வெளியானது. ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண்மணி எடுத்த படம் ஒன்று, தன் ஐந்து வயது மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தகப்பன், அது ஊர் ஊராகக் காட்டப்பட்டது. 1908-இல் காங்கோவை மன்னரிடமிருந்து பெல்ஜிய அரசு எடுத்துக்கொண்டது. (கேஸ்மென்டை அதே பிரிட்டன் 1916-இல் தூக்கில் போட்டது, அயர்லாந்து விடுதலைக்காக வேலை செய்ததற்கு.)

அடுத்தது ரயில். எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் போதும், ஆப்பிரிக்காவின் பழைய ரயில் பாதைகள் பெரும்பாலும் சுரங்கத்திலிருந்தோ தோட்டத்திலிருந்தோ நேரே துறைமுகத்துக்குப் போகும். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் போய்வர வேண்டும் என்று போட்டது குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வசமிருந்த காங்கோவில் 1921 முதல் 1934 வரை பிராசவில்லிலிருந்து புவான்த் நுவார் துறைமுகம் வரை காங்கோ-ஓசேயன் பாதையைப் போட்டார்கள், ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாட் வரைக்கும் போய் ஆட்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், மலைக்காட்டில் மண்வெட்டியும் சுத்தியலும் கொடுத்து விட்டார்கள். இறந்தவர்கள் 17,000-க்குக் குறையாது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கிலோமீட்டருக்கு எத்தனை உயிர் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். கிழக்கே பிரிட்டிஷார் 1896-1901இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்குப் போட்ட பாதைக்கு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 பேரைக் கொண்டுபோனார்கள், அதில் 2,500 பேர் போல இறந்தார்கள். அந்தப் பாதையில் சாவோ என்ற இடத்தில் சிங்கம் ஆட்களை அடித்த கதைதான் நமக்குத் தெரியும், காய்ச்சலிலும் விபத்திலும் செத்தவர்கள் கதை தெரியாது.

கூலிக்கு ஆள் எப்படிக் கிடைத்தது என்பதையும் கட்டுரையாளர் யோசித்திருக்கலாம். சொந்த நிலத்தில் விதைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எதற்காக வெள்ளைக்காரன் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் வேலைக்குப் போகப் போகிறான்? வரி போட்டார்கள். குடிசைக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு, அதுவும் காசாகக் கட்ட வேண்டும், தானியமாகக் கட்ட முடியாது. காசு வெள்ளைக்காரனிடம்தான் இருக்கிறது, ஆகவே போய்த்தான் ஆக வேண்டும். சியரா லியோனில் 1898-இல் குடிசை வரிக்கு எதிராகப் போரே நடந்தது, 1906-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தலைவரிக்கு எதிராக ஜூலு மக்களின் பம்பாத்தா கலகம். இந்தத் தந்திரம் தமிழர்களுக்குப் புதிதா என்ன? 1860 முதல் மெட்ராசிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள், 1895-இல் ஒரு சட்டம் போட்டு, அதன் பிறகு வருகிறவர்கள் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினால் வருஷத்துக்கு 3 பவுன் வரி என்று போட்டார்கள், கட்ட முடியாதவன் மறுபடியும் ஒப்பந்தக் கூலியாகப் போவான் என்பதுதான் கணக்கு. காந்தி நடத்திய 1913 போராட்டம் அந்த வரிக்கும் எதிரானதுதான், அதில் சிறைக்குப் போய் வந்து 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் நம் காரைக்காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வள்ளியம்மைக்குச் சிலை வைக்கிற நாம் அதே மாதிரி வரியைக் கட்டிய ஜூலுக்காரரை மட்டும் நாகரிகம் பெற்றவர் என்று எழுதுகிறோம்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பற்றி நீட்ட விரும்பவில்லை. நல்லவர்கள் இருந்தார்கள். யூஜின் ஜாமோ என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் காமெரூனில் ஊர் ஊராகக் குழுக்களை அனுப்பி உறக்க நோயைக் கட்டுப்படுத்தினார், அது பெரிய வேலை. ஆனால் அந்த நோய் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு, கூலிக்கும் ரப்பருக்கும் மக்களைக் காட்டிலும் ஆற்றங்கரையிலும் துரத்தியதும் ஒரு காரணம் என்று மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். பெல்ஜியக் காங்கோவில் தொடக்கப் பள்ளிகள் நிறைய இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். 1960 ஜூன் 30 அன்று அந்த நாடு விடுதலை பெற்றபோது பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய காங்கோக்காரர்கள் 20 பேருக்கும் குறைவு. ஒன்றரைக் கோடிக்கு நெருங்கிய மக்கள்தொகையில்! குமாஸ்தா வேலைக்கு எவ்வளவு படிப்பு தேவையோ அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், அந்தக் காலத்து நியாயம் வேறு என்ற வாதம். என்னைக் கேட்டால் இதுதான் கட்டுரையிலேயே பலவீனமான இடம், ஆனால் படிக்கிறவர்கள் அதிகம் தலையாட்டியிருப்பதும் இதற்குத்தான்.

1885 ஜூலை 28, பாரீஸ் நாடாளுமன்றம். மடகாஸ்கர் படையெடுப்புக்குப் பணம் ஒதுக்கும் விவாதம். முன்னாள் பிரதமர் ஜூல் ஃபெரி எழுந்து காலனி பிடிப்பதற்கு நியாயம் சொல்கிறார்: நம் ஆலைச் சரக்குக்குச் சந்தை வேண்டும், கப்பற்படைக்குத் துறைமுகங்கள் வேண்டும், அப்புறம் உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்கள் மேல் உரிமை உண்டு, ஏனென்றால் அவர்களை நாகரிகப்படுத்தும் கடமை உண்டு. பிரான்சில் இலவசக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்த அதே ஃபெரிதான். இரண்டு நாள் கழித்து, ஜூலை 30, கிளெமான்சோ என்ற உறுப்பினர் அதே அவையில் எழுந்து பதில் சொல்கிறார். உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஜெர்மன் அறிஞர்கள் பிரெஞ்சுக்காரன் ஜெர்மானியனைவிடத் தாழ்ந்த இனம், அதனால்தான் 1870 போரில் தோற்றான் என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபித்துக் காட்டியதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது என்கிறார். அதோடு விடவில்லை. இந்துக்களா தாழ்ந்த இனம், காலம் தெரியாத பழமையான அந்த நாகரிகமா, பௌத்தத்தைச் சீனாவுக்குக் கொடுத்த நாடா என்று கேட்கிறார். அந்த அவையில் பிரெஞ்சிந்தியாவுக்கென்று ஒரு உறுப்பினர் இடமும் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

ஆக 1885-லேயே, அதே ஊரில், அதே கூடத்தில், இது தப்பு என்று சொல்ல ஆள் இருந்தது. கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள். கிளெமான்சோவைப் பெரிய மகானாக்கவும் நான் வரவில்லை, முதல் உலகப் போரில் பிரதமராக இருந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பல்லாயிரம் பேரைப் படைக்குத் திரட்டியவரும் அவர்தான். ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய நமீபியாவில் 1904 அக்டோபர் 2 அன்று தளபதி ஃபொன் ட்ரோட்டா, ஜெர்மன் எல்லைக்குள் இருக்கும் ஹெரேரோ இனத்தவர் எவரானாலும், ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடப்படுவார் என்று உத்தரவு போட்டார். தண்ணீர் இல்லாத ஒமஹேகே பாலைவனத்துக்குள் துரத்தினார்கள். ஏறத்தாழ 80,000 பேர் இருந்த ஹெரேரோ 1911 கணக்கெடுப்பில் சுமார் 15,000. நாமா மக்களையும் விடவில்லை. அந்த நேரத்திலேயே ஜெர்மன் நாடாளுமன்றத்தில் சோஷலிஸ்ட் தலைவர் ஆகஸ்ட் பேபல் இந்தப் போரைக் கண்டித்துப் பேசியிருக்கிறார். அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்பது எப்படிப் பொருந்தும்?

இதெல்லாம் ஐரோப்பியர்களுக்குள் நடந்த வாதம். ஆப்பிரிக்கர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கும் சாட்சி குறைவில்லை. மேற்கு ஆப்பிரிக்க அரசர் சமோரி தூரே 1898-இல் பிடிபடும் வரை பிரெஞ்சுப் படையோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டார். எத்தியோப்பியர்கள் 1896 மார்ச் 1 அன்று அட்வாவில் இத்தாலியைத் தோற்கடித்தே அனுப்பினார்கள். கட்டாயப் பருத்தி விவசாயம் பிடிக்காமல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் 1905-இல் மாஜி மாஜி எழுச்சி வந்தது. அளவுகோல் அந்தக் காலத்திலும் இருந்தது, அதை யார்மேல் வைப்பது என்பதில்தான் பேதம்.

இதற்கு ஆப்பிரிக்கா வரை போகவும் வேண்டாம். 1936 ஜூன் மாதம் பாரீசில் பெரிய வேலைநிறுத்தம், அங்கே ஆண்ட இடதுசாரி மக்கள் முன்னணி அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் போட்டது. ஜூலை 30 அன்று இங்கே புதுச்சேரியில் தொழிலாளியைச் சுட்டார்கள். ஒரே அரசு, ஒரே வருஷம், ஒரு மாத இடைவெளி. 1936-இன் அளவுகோலை வைத்தே நான் அளக்கிறேன், இன்றைக்கு உள்ளது எனக்கு வேண்டாம்.

அவர்களுக்கு வரலாறே கிடையாது என்ற பேச்சும் கட்டுரையில் லேசாக எட்டிப் பார்க்கிறது. 2007-இல் டக்கார் பல்கலைக்கழகத்திலேயே நின்று பிரெஞ்சு அதிபர் சர்க்கோசி, ஆப்பிரிக்க மனிதன் வரலாற்றுக்குள் போதுமான அளவு நுழையவில்லை என்று பேசினார். கிரேட் சிம்பாப்வே கல்கோட்டையைக் கட்டியது ஆப்பிரிக்கர்களாக இருக்க முடியாது, பினீசியர்கள்தான் என்று வெள்ளையர் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1905-லும் 1929-லும் தோண்டிப் பார்த்த தொல்லியலாளர்கள் உள்ளூர்க்காரர்கள்தான் கட்டினார்கள் என்று எழுதிய பிறகும் அந்த நாட்டை ஆண்ட வெள்ளையரின் ரொடீஷிய அரசுக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கீழடி மண்ணைத் தோண்டினால் யாருக்கெல்லாம் வயிறு எரிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இது புரியாமல் போகாது.

விடுதலைக்குப் பின் பாழாய்ப் போனது என்பதற்கு வருகிறேன். காங்கோவில் மொபுட்டு கொள்ளையடித்தார், உகாண்டாவில் இடி அமீன் 1972-இல் நம் ஆட்களை 90 நாளில் வெளியே போகச் சொன்னார், இதையெல்லாம் வெள்ளைக்காரன் தலையில் மட்டும் கட்ட நான் தயாரில்லை. ஆனால் மொபுட்டு எப்படி வந்தார்? தேர்தலில் ஜெயித்து வந்த பிரதமர் லுமும்பாவை 1961 ஜனவரி 17 அன்று கொன்றார்கள், அதில் தன் நாட்டுக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று பெல்ஜியமே பின்னால் ஒப்புக்கொண்டது. அவர் உடலில் மிஞ்சியது ஒரே ஒரு பல், அதையும் 2022-இல்தான் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1965-லிருந்து 32 வருஷம் மொபுட்டுவைத் தாங்கிப் பிடித்தவர்கள் வாஷிங்டனிலும் பிரஸ்ஸல்சிலும் பாரீசிலும் இருந்தார்கள். கினி 1958 வாக்கெடுப்பில் பிரான்ஸ் தலைமையிலான ‘பிரெஞ்சு சமூகம்’ என்ற கூட்டமைப்பில் சேர மாட்டோம் என்று சொன்னதற்கு, பிரெஞ்சு அதிகாரிகள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பினார்கள், எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு. (அங்கே அதிபராக வந்த செக்கு தூரே பிறகு கொடுங்கோலராக ஆனதும் உண்மை, அதையும் மறைக்க வேண்டியதில்லை.) போட்ஸ்வானா 1966-இல் விடுதலை பெறும்போது நாடு முழுக்கத் தார் ரோடு 12 கிலோமீட்டர் என்று சொல்வார்கள். எண்பது வருஷம் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த லட்சணம் அது. அடுத்த வருஷம் வைரம் கிடைத்தது, கம்பெனியோடு பேரம் பேசிப் பாதிப் பங்கை அரசே வைத்துக்கொண்டு ரோடும் பள்ளியும் போட்டார்கள், தேர்தலும் ஒழுங்காக நடத்துகிறார்கள். இதைக் கட்டுரையாளர் எந்தப் பக்கத்தில் எழுதுவார்?

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்கா என்றால் ஏதோ ஒரே நாடு போலவும், வெள்ளைக்காரன் வரும்வரை அங்கே பாலும் தேனும் ஓடியது போலவும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் படிக்காமல்தான் பேசுகிறார்கள். இங்கே படிக்க வரும் ஆப்பிரிக்க மாணவருக்கு வாடகைக்கு வீடு தர யோசிக்கிற நாம், ஆட்டோவில் ஏறினால் ரெட்டை வாடகை கேட்கிற நாம், ஐரோப்பாவின் நிறவெறியைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் அடக்கமாகவே பேசலாம்.

மன்னிப்பு, நட்ட ஈடு என்று இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. கென்யாவில் பிரிட்டிஷாருக்கு எதிரான மாவ் மாவ் எழுச்சிக் காலத்தில் முகாம்களில் சித்திரவதைப்பட்ட 5,228 பேருக்கு பிரிட்டன் 2013-இல் 1 கோடியே 99 லட்சம் பவுன் கொடுக்க ஒத்துக்கொண்டது, அதற்கு அந்தக் கிழவர்கள் லண்டன் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நமீபியாவில் நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மனி சொன்னது 2021-இல். பிரான்ஸ் இதற்கு நேர்மாறாக 2005 பிப்ரவரியில், வெளிநாடுகளில் பிரெஞ்சு இருப்பின் நல்ல பங்கைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியது. வரலாற்றாசிரியர்கள் எதிர்த்து, அல்ஜீரியா கோபப்பட்டு, அடுத்த வருஷமே அந்தப் பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பது ஏறக்குறைய அந்த நீக்கிய பகுதிதான்.

கடைசியாக ஒன்று. தொடரின் அடுத்த பகுதி அல்ஜீரியா என்று கீழே போட்டிருக்கிறீர்கள். அதை எழுதும்போது புதுச்சேரியையும் கூட வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள், நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியது. ஒரு கண்டத்தில் சத்தமில்லாமல் கொடியை இறக்கியவர்கள் இன்னொரு கண்டத்தில் ஏழரை வருஷம் சண்டை போட்டார்கள், ஏனென்றால் அங்கே பத்து லட்சம் ஐரோப்பியர் குடியேறியிருந்தார்கள், அல்ஜீரியாவைப் பிரான்சின் ஒரு பகுதி என்றே சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நம் இணைப்பு ஒப்பந்தத்தில் 1956 மே மாதமே கையெழுத்தானது. ஆனாலும் இதற்குச் சம்மதித்தால் அல்ஜீரியாவுக்கு முன்னுதாரணமாகிவிடும் என்ற பயத்தில் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை எடுக்கவே இல்லை. 1962 ஜூலை 5 அல்ஜீரியா விடுதலை. அதன் பிறகுதான் நம் கோப்பு நகர்ந்து ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி கைமாறியது. நாம் வருஷா வருஷம் கீழூரில் கொடியேற்றும் நாள் அது.

அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையில் இருந்த நம்ம ஊர் சொல்தாக்கள் ஒரு சிலர் இன்னும் உயிரோடு இருக்கலாம், தொண்ணூறை நெருங்கியிருப்பார்கள். அவர்களிடம் போய், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று உங்கள் நிருபர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். பென்ஷனைப் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள், இதைப் பற்றி ஒரு பேட்டிகூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.